உரிமை கோருவோர் இல்லை

அந்த நிலத்தில் மனிதர்கள் இருந்தார்கள். எவரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்.

இது என் முதற்குற்றம். இரண்டாவது குற்றம் உங்களுக்கு இதைவிடச் சிறியதாகத் தோன்றலாம். எனக்கு அதுதான் பெரிது. இருபத்தைந்து வருடங்கள் கழித்து, ஆக்லாந்தில், பாபகூராவிலுள்ள என் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், அந்த நிலத்தைப் பற்றிய பழைய குறிப்புகள் எங்கேயாவது இருக்குமா என்று என்னிடம் கேட்டாள். எல்லாம் எப்போதோ அழிந்திருக்கும் என்றேன். அந்தக் குறிப்புகள் அப்போது அவளிடமிருந்து பதினைந்து அடி தூரத்தில், என் கராஜில், ஒரு தோற்பெட்டிக்குள் இருந்தன.

அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அதை நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அறியாதவனுக்கு ஏதோ ஒரு மன்னிப்பு உண்டு... நான் அறிந்தவன். கேட்டுக் கேட்டு, துருவித் துருவி, எல்லாவற்றையும் அறிந்தவன்!

நான் நில அளவையாளன். யாழ்ப்பாணத்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் மலாவி நாட்டுக்கு வேலைக்குப் போனேன். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பலர் ஆசிரியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆபிரிக்காவுக்குப் போனார்கள். வேலை திருப்தி என்றால் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் நீளும். மனைவி திரேசம்மாவும் கைக்குழந்தையான மகன் அன்ரனும் என்னோடு வந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'விடுப்பு' என்றொரு சொல் உண்டு. பிறத்தியாரின் சங்கதிகளை அறியத் துடிப்பது. திரேசம்மா என்னை விடுப்புக்காரன் என்றுதான் சொல்வாள். "இந்த மனுசன் செத்தவீட்டுக்குப் போனாலும் பெட்டி என்ன மரம் எண்டு கேட்டுட்டுத்தான் அழும்" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான். எனக்கு எதுவும் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதை நான் ஒரு நற்குணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

வேலை இதுதான். ஒரு புகையிலைக் கம்பனி ஒரு பெரிய நிலத்தை நீண்ட குத்தகைக்குக் கேட்டிருந்தது. அந்தப் பகுதியின் பெரிய தலைவர் சம்மதித்துக் கைநாட்டு வைத்துவிட்டதாகக் கடதாசி இருந்தது. நான் எல்லையை அளந்து வரைபடம் கீற வேண்டும். அதோடு ஓர் அறிக்கையும் நிரப்ப வேண்டும். அந்த நிலத்தில் எவராவது பயிர் செய்கிறார்களா? எவராவது உரிமை கோருகிறார்களா? இல்லை என்றால் நிலம் கம்பனிக்கு.

நிலத்தின் ஓரத்தில் ஒரு கிராமம். அதன் தலைமை ஒரு பெண்ணிடம் இருந்தது. கலெம்பா என்பது அவளுடைய பெயர். கிராமத்துக்கும் அதே பெயர். அறுபது வயதிருக்கும். எனக்குப் பாய் விரித்து, தண்ணீர் தந்து, என் தியோடலைட் கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் தலைகீழாய்த் தெரியுது, இதை வைச்சோ நிலம் அளக்கப்போறாய்?" என்று கேட்டவள்.

அவர்களுடைய மொழி சிச்செவா. நான் அதற்குள் அதை ஓரளவு பேசப் பழகியிருந்தேன். அவர்கள் சொன்னதை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். என் நினைவில் அது அப்படித்தான் ஒலிக்கிறது.

நான் கண்டது பற்றைக்காடு. ஆளுயரப் புல், மணிக்கட்டுத் தடிப்பில் மரங்கள், இடையிடையே சோளப் பயிர். வேலி என்ற ஒன்று எங்குமே இல்லை! யாழ்ப்பாணத்தவன் கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்களில் ஒரு வேலிக் கதியாலை நாலு விரல் தள்ளி நட்டால் மூன்று தலைமுறைக்கு வழக்கு நடக்கும். வேலி இருந்தால் அங்கே ஓர் ஆள் இருக்கிறான். வேலி இல்லையென்றால்...?

"வேலி எங்கையம்மா?" என்று கேட்டேன்.

"ஏன் வேலி?" என்றாள் கலெம்பா.

"எது ஆற்ற நிலம் எண்டு தெரிய வேணுமே."

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "உங்கட ஊரில எல்லாருக்கும் மறதி வருத்தமோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மறதியில்லையடி, பக்கத்து வீட்டில கள்ளராக்கும்" என்றாள் முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த இன்னொருத்தி. எனெலெஸ் என்பது அவளுடைய பெயர்.

"ரெண்டும்தான்" என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் அந்தக் குழந்தை எழும்பி அழுதது.

அன்று தொடங்கியது என் விடுப்பு. இரண்டு நாளில் முடித்திருக்க வேண்டிய பூர்வாங்கப் பார்வைக்குப் பன்னிரண்டு நாள் எடுத்தேன். காடு என்று நான் சுட்டிய இடத்தைப் பார்த்துக் கலெம்பா கோபித்தாள். "அது காடில்லை. நித்திரை கொள்ளுது" என்றாள். நாலைந்து வருடம் சோளம் விளைத்த நிலத்தைத் தூங்க விட்டுவிடுவார்கள். அதில் முளைக்கும் மரம் மணிக்கட்டு மொத்தம் ஆனதும் எழுப்புவார்கள். தூங்கும் காலத்திலும் அது அந்தப் பெண்ணுடையதுதான். அவள் இறந்தால் மகளுடையது.

"ஆம்பிளையளுக்கு?"

"ஆம்பிளைக்கு என்னத்துக்கு நிலம்? அவன் கலியாணம் முடிச்சு இஞ்சை வந்தவன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "நானும் வந்தவன்தான்! ஊரில நாங்கள் இருந்த வீடு என்ர மனுசிக்குத் தாய் குடுத்த சீதனம்" என்றேன். அவர்களுக்கு அதில் வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து எனக்கு அங்கே 'மருமகன்' என்று பெயர்.

தூங்கும் நிலத்தை வேறொருத்தி இரவல் கேட்கலாம். எப்படிக் கேட்பது? தன் மண்வெட்டியைக் கொண்டுபோய் நிலத்துக்குரியவளின் வாசலில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். மறுநாள் அவள் அதை எடுத்துவந்து கையில் கொடுத்தால் சம்மதம். மண்வெட்டி வாசலிலேயே கிடந்தால் இல்லை என்று பொருள். வாயால் மறுக்க வேண்டியதில்லை, முகம் சுளிக்க வேண்டியதில்லை. என்ன நயமான ஏற்பாடு! எங்கள் ஊரில் இது இருந்திருந்தால் எத்தனை அப்புக்காத்துமார் வழக்கில்லாமல் பட்டினி கிடந்திருப்பார்கள் என்று குறிப்புப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதினேன். ஆம்... பகிடியும் எழுதினேன்.

மழைக்கு முன், வருடத்தில் ஒரு நாள், பெண்கள் எல்லோரும் சேர்ந்து நிலத்தைச் சுற்றி நடப்பார்கள். ஒவ்வொருத்தியும் தன் எல்லையில் நின்று, 'நான் இன்னாரின் மகள், இந்தக் கறையான் புற்றிலிருந்து அந்த மரம் வரை' என்று உரத்துச் சொல்வாள். அடுத்த நிலத்துக்காரி 'கேட்டேன்' என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் நடை நின்றுவிடும். கலெம்பா அந்த இடத்திலேயே உட்கார்ந்து விசாரிப்பாள். தீரும்வரை எவரும் நகரக்கூடாது.

அந்த நடையில் நானும் நடந்தேன். முப்பத்தொரு பெண்கள். முப்பத்தொரு பெயர்கள், அவர்களின் தாய்மார் பெயர்கள், எல்லைகள், எது விழித்திருக்கிறது, எது தூங்குகிறது, எத்தனை வருடமாய்... எல்லாவற்றையும் எழுதினேன். நடுவில் வெட்டப்படாத ஒரு மரத்தோப்பு இருந்தது. அங்கே எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். அது அவர்களுடைய சேமக்காலை, இறந்தவர்களைப் புதைக்கும் இடம். கல்லோ சிலுவையோ கிடையாது. மரங்கள்தான் அடையாளம். அதையும் எழுதினேன்.

பிறகு மழை மேகம் கூடிவிட்டது. பாதை மூடுமுன் வரைபடம் வேண்டும் என்று மேலதிகாரி ஆள் அனுப்பினார். ஒருநாள் பின்னேரம், அரசாங்க விடுதியின் விறாந்தையில், தேநீர்க் கோப்பையை ஒருபக்கம் தள்ளிவிட்டு அறிக்கையை எடுத்தேன். உரிமை கோருவோர் இருந்தால் ஒவ்வொருவர் நிலத்தையும் தனித்தனியே அளந்து இணைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. முப்பத்தொரு துண்டு! இரண்டு மாத வேலை. மழைக்குப் பிறகுதான் முடியும். என் ஒப்பந்தமோ அதற்குள் முடிந்துவிடும். தாமதம் செய்தவனுக்கு ஒப்பந்தத்தை யார் நீட்டுவார்கள்?

எழுதினேன். "தரிசு நிலம். பாவனையில் இல்லை. உரிமை கோருவோர் இல்லை."

தோப்பை வரைபடத்தில் குறித்து, பக்கத்தில் "காட்டு மரங்கள்" என்று எழுதினேன்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது? இதைத்தான் நான் வருடக்கணக்காக என்னிடமே விசாரிக்கிறேன். கை நடுங்கியதா? இல்லை. அவர்களுக்கு வேறு நிலம் இருக்கும் என்று நினைத்தேனா? பிற்பாடு அப்படி நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நினைக்கவில்லை. தேநீர் ஆறிவிட்டதே என்று நினைத்தது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது! பெரிய கேடு செய்கிறவனுக்குள் பெரிய இருட்டு ஏதாவது இருக்கும் என்று நீங்கள் எண்ணினால், என்னைப் பாருங்கள். எனக்குள் ஆறிய தேநீர்தான் இருந்தது.

ஒப்பந்தம் இரண்டு முறை நீண்டது. கலெம்பாவின் கிராமத்துக்கு நான் மறுபடி போகவில்லை. அவ்வழியே போக வேண்டிவந்த நாட்களில் சுற்றுப்பாதையில் போனேன். திரேசம்மாவிடம் அந்த ஊரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

குறிப்புப் புத்தகத்தை நான் அலுவலகத்தில் ஒப்படைக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. ஏன்? தெரியவில்லை. நாட்டுக்குத் திரும்பியபோது அது என்னோடு வந்தது. பிறகு நாட்டில் போர் வந்து, அன்ரன் முன்னேயும் நாங்கள் பின்னேயுமாக ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்தபோது, எத்தனையோ காணி உறுதிகளையும் படங்களையும் விட்டுவிட்டு வந்த எங்கள் பெட்டிக்குள் அதுவும் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு புதன்கிழமை. பாபகூரா ரயில் நிலையத்தில் இறங்கினேன். மழை. மகனை வந்து ஏற்றச் சொல்வதற்காகப் பொதுத் தொலைபேசிக்குக் காத்து நின்றேன். உள்ளே ஓர் ஆபிரிக்கப் பெண் உரத்துப் பேசிக்கொண்டிருந்தாள். காது கூர்ந்தது. சிச்செவா! இருபது வருடமாய் நான் கேட்காத மொழி. நாகரிகம் தெரிந்தவன் விலகி நிற்பான். நான் ஓரடி கிட்டப் போனேன்.

அவள் வெளியே வந்ததும், "முலி ப்வாஞ்சி?" என்றேன். சுகமா என்று கேட்பது.

அவள் முதலில் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு சிரித்தாள். பிறகு அழுதாள். இந்த நகரத்தில் ஒரு வழுக்கைத்தலைத் தமிழ்க் கிழவன் தன்னுடைய மொழியில் சுகம் கேட்பான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

தோக்கோ என்பது அவளுடைய பெயர். நகரத்தின் மறுகோடியில், ஆல்பனியில், கல்வியியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமைகளில் பாபகூராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி. அதன் பிறகு ஒவ்வொரு புதனும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். திரேசம்மாவின் புட்டும் இறைச்சிக் கறியும் அவளுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. திரேசம்மா டெய்ரி என்கிற மூலைக்கடையில் சோளமா வாங்கி அவர்களுடைய களியைக் கிண்டப் பழகினாள். "இவரை நம்பி வாயைத் திறந்திடாதை, பிள்ளை. உன்ர பூட்டி எத்தினை பல்லோட செத்தவா எண்டு கேட்பார்" என்று அவளை எச்சரித்தாள்.

மூன்றாவது புதன் நான் கேட்டேன். நானேதான் கேட்டேன்! "பிள்ளை, உம்மட அம்மாவின்ர ஊர் எது?"

"கலெம்பா. சின்ன ஊர், அங்கிள். உங்களுக்குத் தெரியாது."

தேநீர்ப் பாத்திரத்தை மேசையில் வைத்தேன். மெதுவாக வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். "இல்லை, தெரியாது" என்றேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள். அங்கே ஆட்சி மாறிவிட்டது. பழைய நிலப் பறிப்புகளை விசாரிக்க ஒரு குழு ஊர் ஊராக வரப்போகிறது. புகையிலைக் கம்பனியின் குத்தகை முடியப்போகிறது. மறுபடி நீட்டக் கேட்டிருக்கிறார்கள். குத்தகைக்கு முன்பே அது தங்கள் நிலம் என்று ஊரார் நிறுவினால் நிலம் திரும்பி வரும். நிறுவாவிட்டால் இன்னொரு தலைமுறைக்கு இல்லை.

"அம்மா இப்ப அந்தக் கம்பனிக்குத்தான் இலை பறிக்கிறா. தன்ர நிலத்திலேயே" என்றாள். "வாயால சொன்னாக் காணாதாம். எழுத்தில ஏதும் வேணுமாம். எழுத்தில இருக்கிறது ஒண்டே ஒண்டு. உரிமை கோருவோர் இல்லை எண்டு."

திரேசம்மா அடுப்படியிலிருந்து, "அப்பிடி எழுதினவன் கட்டையில போவான்" என்றாள்.

"அங்கிள், நீங்களும் சேர்வேயர்தானே? அளந்த ஆள் தனியாய் ஏதும் எழுதி வைச்சிருப்பாரோ? கையெழுத்து விளங்கேல்லை. ஆரோ இந்தியன் மாதிரி எண்டு அம்மா சொல்லுறா. நல்லாச் சிரிப்பாராம். எல்லாத்தையும் கேட்பாராம். மருமகன் எண்டு கூப்பிட்டவையாம்."

"எல்லாம் எப்பவோ அழிஞ்சிருக்கும், பிள்ளை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சந்தேகித்தாளா? அன்று சந்தேகித்திருந்தால் பிறகும் ஏன் வந்தாள்? இன்றும் அறிய ஆவல்தான்... கேட்கத் துணிவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. எதற்குப் பயந்தேன்? சிறையா? இந்த வயதில் என்னை யார் சிறையில் போடப்போகிறார்கள்! புதன்கிழமைக்குப் பயந்தேன். அவள் வராமல் போகும் புதன்கிழமைக்கு. என்னை ஒரு நல்ல கிழவன் என்று நம்பிய கடைசி ஆள் அவள் என்று எனக்குத் தோன்றியது.

ஒருநாள் தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு மாவோரி மூதாட்டி நில விசாரணை ஒன்றின் முன் நின்று, கண்களை மூடிக்கொண்டு, மூச்சு விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்று திரேசம்மா கேட்டாள்.

"பேர் சொல்லுறா."

"ஆற்ற பேர்?"

"அந்த நிலத்தில இருந்த ஆக்களின்ர."

நான் கிரிக்கெட்டுக்கு மாற்றினேன்.

கோயிலில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "ஒரு பொய் சொன்னேன், சுவாமி" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவ்வளவு மலிவாக முடிந்தது. அந்தப் பாவமன்னிப்பு எனக்குரியதல்ல. முகவரி மாறி வந்த தபாலைப் போல அதை நான் இன்னும் பிரிக்கவில்லை.

வசந்தம் தொடங்கிய ஒரு புதனில் தோக்கோ பாண் வாங்கிக்கொண்டு வந்தாள். வழமைபோல் சாப்பிட்டாள். பிறகு சொன்னாள், விசாரணைக் குழு வந்து போய்விட்டதாம். எழுத்தில் எதுவும் இல்லாததால் கலெம்பாவின் கோரிக்கை எடுபடவில்லையாம். குத்தகை நீண்டுவிட்டது.

"அம்மாவுக்குப் பெரிய கவலையோ?" என்று திரேசம்மா கேட்டாள்.

"அம்மா இலை பறிக்கப் போயிட்டா, அன்ரி. வேலை நாள்தானே."

நான் எழுந்து கராஜுக்குப் போனேன்.

ஏன் அப்போது? ஏன் மூன்று மாதம் முன்னர் அல்ல? நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகம் அவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய நாள்வரை நான் அதை வெளியே எடுக்கவில்லை. பயன் முடிந்த பிறகு எடுத்தேன். பயனில்லாத உண்மையைச் சொல்ல அதிகத் துணிவு வேண்டியதில்லை.

தோக்கோ அதைத் திறந்தாள். நெடுநேரம் பக்கம் பக்கமாக வாசித்தாள். ஆங்கிலமும் அவர்களுடைய பெயர்களும். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. எனெலெஸ். புற்றிலிருந்து இரட்டை மரம் வரை. தூங்கும் நிலம், ஆறாவது வருடம். முதுகில் பெண் குழந்தை.

"அம்மாவின்ர முதுகில இருக்கிறது நானில்லை" என்றாள். "என்ர அக்கா. நடக்கப் பழக முதலே செத்துப்போனா. அந்தத் தோப்பிலதான் வைச்சவை."

திரேசம்மா என்னைப் பார்த்தாள். கட்டையில போவான் என்று தான் சபித்தது யாரை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து அவள் என்னை விடுப்புக்காரன் என்று சொல்வதில்லை. அந்தப் பகிடியை நான் இழந்தேன் என்று நினைக்கும்போது... சரி, விடுங்கள்.

தோக்கோ சத்தம் போடுவாள், புத்தகத்தை எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒரு கேள்வி கேட்டாள். "எழுதாமல் விடுறதெண்டால், ஏன் இவ்வளவும் கேட்டனீங்கள்?"

"அறிய ஆசை" என்றேன்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான், பிள்ளை."

அவள் தலையசைத்தாள். என்னைப் பற்றி ஏதோ ஒன்றைக் குறித்துக்கொண்டவள் போல.

எனக்கு அழுகை வந்தது. "கலெம்பா இருந்திருந்தால் போய்க் காலில விழுந்திருப்பன்" என்றேன்.

"கலெம்பா இருக்கிறாவே."

"அவவுக்கு இப்ப தொண்ணூறுக்குக் கிட்ட வருமே!"

"இல்லை. முப்பத்தெட்டு."

அவள் பொறுமையாக விளக்கினாள். நான் கண்ட கலெம்பா இறந்துவிட்டாள். அவளுடைய சகோதரியின் மகள் அந்த இடத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டாள். பெயரை எடுப்பவள் அதோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வாள். பழைய கலெம்பா கேட்டது, சொன்னது, வாக்குக் கொடுத்தது, வரவேண்டி நின்றது எல்லாம் இப்போது இவளுடையவை. நூறு வருடத்துக்கு முன் நடந்ததையும் 'நான் செய்தேன்' என்றுதான் சொல்வாள். "ஆள் சாகும், கலெம்பா சாகிறேல்லை. இல்லாட்டி நிலத்துக்கு ஆர் பதில் சொல்லுறது? எல்லாம் கேட்ட நீங்கள் இதைக் கேக்கேல்லையோ?"

கேட்கவில்லை! மண்வெட்டியைக் கேட்டேன், புற்றைக் கேட்டேன், தூங்கும் நிலத்து மரத்தின் மொத்தத்தைக் கேட்டேன். இந்த ஒன்றைக் கேட்கத் தோன்றவில்லை. நான் ஏமாற்றியவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருப்பார்கள், என் குற்றமும் அவர்களோடு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும் என்று ஒரு மூலையில் நம்பியிருந்தேன் போலும்.

சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக் கடதாசி முடித்தேன். நடந்ததை நடந்தபடியே எழுதினேன். அதையும் புத்தகத்தின் பிரதிகளையும் விசாரணைக் குழுவுக்கு அனுப்பினோம். கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது, அந்தப் பகுதிக்கான விசாரணை முடிவடைந்துவிட்டது என்று பதில் வந்தது. மூலப் புத்தகத்தைத் தோக்கோ ஊருக்கு அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கலெம்பா சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியது. சிச்செவாவில் இருந்தது. தோக்கோவின் உதவியில்லாமலே வாசித்தேன்.

"மருமகனே, நீ வந்தாய். நான் உனக்குப் பாய் விரித்தேன். எனெலெஸின் நிலம் எங்கே முடிகிறது என்று கேட்டாய். நான் புற்றைக் காட்டினேன். உன் புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. நீ மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்ததையும் வாசித்துக் காட்டினார்கள். அதில் நான் இல்லை.

"உன்மேல் கோபமா என்று தோக்கோ கேட்டிருக்கிறாள். கோபம் பிறகு. முதலில் வேலை. இந்தக் குத்தகையும் ஒருநாள் முடியும். அன்றைக்கு நீ இருக்க மாட்டாய். நான் இருப்பேன். எழுதியது பொய் என்று, எழுதியவன் வந்து நின்று சொல்ல வேண்டும். உன் பெயரை எடுத்துக்கொண்டு உன் இடத்தில் உட்காரப் போவது யார்? நான் யாரிடம் கேட்பது? அவருடைய பெயரை எழுதி அனுப்பு."

அன்ரன் வெஸ்ட்கேட் பக்கம் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தான். அங்கே போய், ஈரச் சீமெந்து வாசலில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டான். நல்ல பிள்ளை.

"அப்பா, யூ ஜஸ்ட் டிட் யுவர் ஜாப்" என்றான்.

"தம்பி, எனக்குப் பிறகு நீ என்ர பேரை எடுப்பியோ?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐ ஆல்ரெடி ஹாவ் இட், அப்பா. இட்ஸ் மை சர்நேம்."

உண்மைதான். இந்த நாட்டுக்கு வந்தபோது படிவத்தில் என் பெயர் அவனுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. அவனுடைய விசாவில், லைசென்சில், மோர்ட்கேஜ் கடதாசியில் எல்லாம் அது இருக்கிறது.

"அதில்லை, தம்பி. பேரோட சேர்த்து... நான் செய்ததையும்" என்றேன்.

அவன் சிரிப்பதை நிறுத்தினான். தூரத்தே மேசன்மாரைப் பார்த்தான். "அது உங்கடையெல்லோ, அப்பா" என்றான். தமிழில் சொன்னான். அவன் என்னோடு தமிழில் பேசி வெகுநாளாகியிருந்தது.

அவன் சொன்னதில் என்ன பிழை? நீங்கள் அவன் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்? உங்கள் தகப்பன் ஒரு நாட்டில் எழுதிய பொய்க்கு இன்னொரு நாட்டில் நின்று, 'ஓம், நான்தான் எழுதினேன்' என்று சொல்வீர்களா? உங்களைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்புகிறேன்.

கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. தினமும் காலையில் மேசைக்கு வருகிறேன், தாளை எடுக்கிறேன், அவர்களுடைய முறைப்படி முதலில் சுகம் கேட்டு எழுதுகிறேன். பேனா அங்கேயே நின்றுவிடுகிறது.

அடுத்த வரியில் ஒரு பெயர் வேண்டும்.